கேள்வி கேட்ட சிஸ்டரை ஏசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் சர்வாதிகார மனம் பற்றி வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். சிலர் வளர்ந்த விதத்தாலேயே அப்படி ஆகிவிடுகிறார்கள், அவர்களை அடையாளம் கண்டு அதிகாரத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். தென்காசியிலிருந்து எழுதிய ஒரு பெரியவரோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் இல்லாமல் போனதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று எழுதியிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்ஸ். நாசரேத் பக்கம் பிறந்து, படிப்புக்கும் வேலைக்கும் ஊர் ஊராகப் போய், இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். 30 வருஷத்துக்கு மேல் வார்டுகளில் வேலை பார்த்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அத்தனை காலத்தில் கவனக்குறைவால் நோயாளிக்குக் கேடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் வந்ததையும் பார்த்திருக்கிறேன். 'ஏன் டாக்டர்?' என்று ஒரு நர்ஸ் கேட்டதால் கேடு வந்ததைப் பார்த்ததே இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் போனதால் வந்த ஆபத்துகள் நிறைய.

முதலில் கட்டுரையாளர் சொன்ன ஆய்வு. 1950இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வெளிவந்தது அது. அதைச் செய்த நான்கு பேரில் தியடோர் அடோர்னோ ஜெர்மனியை விட்டு வெளியேறியவர், எல்ஸ் ஃபிரெங்கல்-பிரன்ஸ்விக் வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர். ஹிட்லரை ஒரு நாடே தலையில் தூக்கி வைத்து ஆடியது எப்படி என்ற கேள்வி அவர்களுக்கு ஏட்டுக் கேள்வி இல்லை, சொந்த வாழ்க்கைக் கேள்வி. ஒரு வினாப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு வாசகத்தையும் ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று ஆட்களிடம் கேட்டார்கள். பாசிச மனப்போக்கை அளக்கும் அளவுகோல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதில் இருந்த வாசகங்களில் ஒன்றின் சாரம் இது: பிள்ளைகள் கற்க வேண்டிய மிக முக்கியமான குணங்கள் கீழ்ப்படிதலும் அதிகாரத்துக்குக் கொடுக்கும் மரியாதையும்தான்.

தென்காசிப் பெரியவர் கடிதத்தின் சாரமும் ஏறக்குறைய இதுவே. அவரை நான் குறை சொல்லவில்லை. இதே வாசகத்தை எங்கள் ஊர்ச் சர்ச் வாசலில் நின்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்பார்கள். எங்கள் அப்பா ஆமாம் என்றிருப்பார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஆனால் அந்த மனுஷன் ஒரு உயிருக்கும் தீங்கு நினைத்தவர் இல்லை. அந்த அளவுகோலின் மேல் பின்னால் வந்த ஆய்வாளர்கள் வைத்த குறையும் இதை ஒட்டியதே. வாசகங்கள் எல்லாமே ஒரே திசையில் எழுதப்பட்டிருந்ததால், எதைக் கேட்டாலும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுகிறவர்கூட அதில் பெரிய மதிப்பெண் வாங்கிவிடுவார்.

அப்புறம் கனடாவில் பாப் ஆல்டிமேயர் என்ற உளவியலாளர் 1981இல் அந்த நீண்ட குணப் பட்டியலைச் சுருக்கி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதிகாரத்தில் இருப்பவருக்கு அடங்குவது, அந்த அதிகாரம் கை காட்டுகிறவர்மேல் பாய்வது, ஊர் வழக்கம் எதுவோ அதுவே தர்மம் என்று பிடித்துக்கொள்வது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைத்தான் கவனிக்க வேண்டும். மேலே இருப்பவரிடம் கை கட்டுகிறவன்தான் கீழே இருப்பவரிடம் கை ஓங்குகிறான். நம் ஜில்லாவில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, கையில் கட்டுகிற சாதிக் கயிறு வரைக்கும் பேச வேண்டியிருந்தது. அந்தப் பையன்கள் யாருக்கும் அடங்காதவர்கள் என்று சொல்ல முடியுமா? தங்கள் தெருப் பெரியவர்கள் பேசும் பேச்சுக்கு மிகவும் அடங்கி வளர்ந்தவர்கள் அவர்கள் என்றே நான் நினைக்கிறேன். கீழ்ப்படிதல் குறைந்துவிட்டது என்று பெரியவர் வருத்தப்படும்போது, யாருக்குக் கீழ்ப்படிவது என்ற கேள்வியையும் அவர் கேட்க வேண்டும்.

சரி, அப்படி ஒரு மனப்போக்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று கட்டுரையாளர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. உத்தரவு போடுகிறவர் ஒருவர். அதை நிறைவேற்றுகிற கைகள் பல. அந்தக் கைகள் சாதாரண மனிதர்களின் கைகள்.

ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனையைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது. ஞாபக சக்தி பற்றிய ஆய்வு என்று சொல்லி, 4 டாலர் சம்பளத்தோடு வழிச்செலவுக்கு 50 சென்ட் கொடுத்துச் சாதாரண ஆட்களை வரவழைத்தார். தபால் ஆபீஸ் குமாஸ்தா, வாத்தியார், கூலித் தொழிலாளி, என்ஜினீயர் என்று எல்லாரும் வந்தார்கள். முன்னால் ஒரு பெட்டி, அதில் 30 சுவிட்ச். 15 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் 15 கூடி, 450 வோல்ட் வரை. அடுத்த அறையில் இருப்பவர் தப்பான பதில் சொல்லச் சொல்ல, அடுத்தடுத்த சுவிட்சைப் போட வேண்டும். அந்த அறையில் இருந்தவர் உண்மையில் நடிக்கச் சொல்லி அமர்த்தப்பட்ட ஒரு கணக்கர். அவருக்கு ஷாக் எதுவும் போகவில்லை. சுவிட்ச் போடுகிறவருக்கு அது தெரியாது. 300 வோல்ட்டில் அடுத்த அறையில் இருப்பவர் சுவரை இடிப்பார். அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் சத்தமே இருக்காது. பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் நின்று, 'தயவுசெய்து தொடருங்கள்' என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். 300க்கு முன்னால் நிறுத்தியவர் ஒருவர்கூட இல்லை. இந்தச் சோதனையை முன்கூட்டியே விவரித்துக் கேட்டபோது, கடைசி வரை போகிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம் என்றுதான் மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். கோட்டு போட்டிருந்தவரும் விஞ்ஞானி இல்லை, உயர்நிலைப் பள்ளியில் பயாலஜி சொல்லிக் கொடுத்த வாத்தியார்.

என்னை மிகவும் பிடித்துக்கொண்டது வேறொரு விவரம். அந்த 40 பேரில் 14 பேர் சுவிட்ச் போடும்போது சிரித்திருக்கிறார்கள். சந்தோஷச் சிரிப்பு இல்லை, அடக்க முடியாமல் வருகிற நடுக்கச் சிரிப்பு. வேர்த்துக் கொட்டி, உதட்டைக் கடித்து, திக்கித் திக்கிப் பேசிக்கொண்டே சுவிட்சைப் போட்டார்கள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். வார்டில் முதல் வருஷப் பெண்களிடம், பெரிய டாக்டர் செய்யச் சொன்னது தப்போ என்று மனசுக்குப் படும்போது அந்தச் சிரிப்பு வரும். திமிர் என்று நினைத்து வார்டு சிஸ்டர் ஏசுவார். அந்தப் பெண்ணின் உள்ளே சண்டை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மில்கிராமின் ஆட்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தப்பு என்று தெரிந்திருந்தது. அதைச் சொல்லி எழுந்து வெளியே போவதற்கு வழிதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இனி நர்ஸுகளைப் பற்றிய ஆய்வுக்கு வருகிறேன். 1966இல் சார்லஸ் ஹோஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே ஒரு சோதனை செய்தார்கள். நர்ஸ் தனியாக டியூட்டியில் இருக்கும்போது, அவருக்கு முன்பின் தெரியாத ஒரு டாக்டர் போன் பண்ணுவார். இன்ன நோயாளிக்கு ஆஸ்ட்ரோட்டன் 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்பார். மருந்துப் பெட்டியின் மேலேயே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். வார்டில் பழக்கமில்லாத மருந்து. போனில் இப்படி உத்தரவு வாங்குவதும் அந்த ஆஸ்பத்திரி விதிக்கு விரோதம். 22 நர்ஸுகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் போகக் கிளம்பிவிட்டார்கள். ஒளிந்திருந்து பார்த்தவர் வந்து நிறுத்தினார். மாத்திரையில் இருந்தது வெறும் குளுக்கோஸ்தான்.

இதே நிலைமையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு நர்ஸுகளிடம் கேட்டிருக்கிறார்கள். 12 பேரில் 10 பேர் கொடுக்கமாட்டோம் என்றார்கள். மாணவிகளிடம் கேட்டபோது 21 பேருமே மாட்டோம் என்றார்கள். தங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். 'அந்த இடத்தில் நானாக இருந்தால் எதிர்த்துக் கேட்டிருப்பேன்' என்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பேசுகிறோமே, அதுவும் இந்தக் காகிதப் பதில்தான்.

மில்கிராமும் போனை வைத்துச் சோதித்தார். கோட்டு போட்டவர் அறையை விட்டுப் போய் போனில் உத்தரவு கொடுத்தபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். சிலர் கூட்டிப் போடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, கீழ்மட்ட ஷாக்கையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே போனில் உத்தரவு வந்தால் ஐந்தில் ஒருவர், இங்கே போனில் வந்தால் 22இல் 21. இது எப்படி? பல காலம் இதை யோசித்திருக்கிறேன். மில்கிராமிடம் வந்தவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். கோட்டுக்காரரை மறுபடி பார்க்கப் போவதில்லை. நர்ஸுக்கு அப்படி இல்லை. போனை வைத்தாலும் டாக்டர் வார்டை விட்டுப் போவதில்லை. காலை ரவுண்ட்ஸில் அவர் வருவார். சம்பள உயர்வில், டியூட்டி சார்ட்டில், 'அந்தப் பெண் வாயாடி' என்ற பேச்சில் எல்லாம் அவர் இருப்பார்.

நான் படித்த ஹாஸ்டலில் எங்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது இதைத்தான். சீனியர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழி விட வேண்டும். கதவை அவர்களுக்குத் திறந்து பிடித்துவிட்டுக் கடைசியில் நுழைய வேண்டும். டாக்டர் வார்டுக்குள் கால் வைத்ததும் எழுந்து நிற்க வேண்டும். ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை எடுத்துக் கொடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அதில் நல்லதும் உண்டு. நெஞ்சடைத்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது வார்டில் பட்டிமன்றம் நடத்த முடியாது. ஒருவர் சொல்ல, மற்றவர் செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தால் பிழைத்த உயிர்கள் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்கான பழக்கத்தை வருஷம் முழுவதுக்கும் நீட்டிவிட்டோம்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். வயிற்றுப்போக்கில் வந்த ஒரு அம்மாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிப் போயிருந்தது. ராத்திரி பெரிய டாக்டர் வீட்டிலிருந்து போனில், 'கே.சி.எல். ஒரு ஆம்பூல் ஐ.வி. போட்டுடு' என்றார். போனை எடுத்தவள் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன களக்காடு பக்கத்துப் பெண். கே.சி.எல். என்றால் பொட்டாசியம் குளோரைடு, ஆம்பூல் என்றால் அது வருகிற சின்னக் குப்பி, ஐ.வி. என்றால் நரம்பு வழி. அந்த மருந்தை அரை லிட்டர் சலைனில் கலந்து மணிக்கணக்கில் பையப் பைய ஏற்ற வேண்டும். ஆம்பூலை அப்படியே ஊசியில் எடுத்து நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அவள், 'டிரிப்ல கலந்துதான சார்?' என்று கேட்டாள். 'எல்லாத்தையும் உனக்குச் சொல்லித் தரணுமா? சொன்னதைச் செய்' என்று அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஆம்பூலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் அதே சிரிப்பு. இரண்டு பேருமாகச் சேர்ந்து டிரிப்பில் கலந்து ஏற்றினோம். அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போனாள்.

டாக்டரும் டிரிப்பைத்தான் நினைத்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் ரவுண்ட்ஸில் நோயாளிகளின் முன்னால் அந்தப் பெண்ணை ஏசினார். 'ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு வைத்தியம் சொல்லித் தாரா இவ' என்றார். அடுத்த வாரம் அவளை வார்டிலிருந்து எடுத்து ஓ.பி. சீட்டு எழுதப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் போனில் ஒரு பெண்ணும் எதையும் திருப்பிக் கேட்டதை நான் பார்க்கவில்லை. 22இல் 21 இப்படித்தான் உருவாகிறது.

அந்த டாக்டர் கொடுமைக்காரர் இல்லை. இல்லாதவர்களிடம் பீஸ் வாங்காதவர், பண்டிகை நாளிலும் வார்டைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அடோர்னோவின் வினாப் பட்டியலை அவரிடம் கொடுத்தால் குறைந்த மதிப்பெண் வாங்கி, பாசிச மனம் இல்லாதவர் என்றுதான் தேறுவார். கட்டுரையாளர் சொல்கிறபடி ஆள் பார்த்து வடிகட்டினால் இவரை எந்தச் சல்லடை பிடிக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மில்கிராமின் கோட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த வாசகங்கள் நான்கு. முதலில் தயவுசெய்து என்பதில் தொடங்கி, ஆய்வுக்கு இது தேவை, இது மிக மிக அவசியம் என்று ஏறி, கடைசியாக, 'உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்' என்று முடியும். 2009இல் ஜெர்ரி பர்கர் இதே சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தி மறுபடி நடத்தினார். பத்தில் ஏழு பேர் அதற்கு மேலும் போகத் தயாராக இருந்தார்கள். ஆனால் நான்காவது வாசகம் வரை போக வேண்டியிருந்தவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு தொடரவில்லை. பச்சையான கட்டளை வந்ததும் மனிதன் விழித்துக்கொள்கிறான். நல்ல காரியத்துக்குத்தான் என்று சொல்லும்போதுதான் கூடவே போகிறான். வார்டிலும் அப்படித்தான். 'இது என் ஆர்டர்' என்று எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'பேஷண்ட் நல்லதுக்குத்தான் சிஸ்டர்' என்பார்கள். ஸ்டேஷனில் 'ஊர் அமைதிக்குத்தான்' என்பார்கள். சாதிக் கூட்டத்தில் 'நம்ம மானத்துக்குத்தான்' என்பார்கள்.

ஸ்டேஷன் என்றதும் சாத்தான்குளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தகப்பனும் மகனும், 22ஆம் தேதி இரவும் 23ஆம் தேதி காலையும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சி.பி.ஐ. அதைக் கொலை வழக்காக எடுத்து 9 போலீஸ்காரர்கள்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நான் யோசித்தது ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மேஜைகளை. மருத்துவச் சான்று ஒரு மேஜை. ரிமாண்ட் ஒரு மேஜை. கோவில்பட்டி கிளைச்சிறையில் சேர்க்கிற மேஜை இன்னொன்று. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் முந்தின மேஜையின் தாள் ஆதாரம். மில்கிராம் இதையும் சோதித்திருக்கிறார். சுவிட்சை வேறொருவர் போட, பக்கத்தில் உட்கார்ந்து வேறு வேலை மட்டும் செய்யும்படி வைத்தபோது, 40 பேரில் 37 பேர் கடைசி வரை கூட இருந்தார்கள். வேலையைத் துண்டு போட்டுக் கொடுத்தால் மனசாட்சியும் துண்டாகிவிடுகிறது.

அன்று ராத்திரி அந்த ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் பார்த்ததைச் சொன்னார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியம் கொடுத்தார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு இருந்த தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, ஆகவே அவரை வணங்குகிறேன். ஆனால் தைரியத்தை மட்டும் பேசிவிட்டு விட்டுவிடக் கூடாது. அவர் பேச, ஸ்டேஷன் அதிகாரத்துக்கு வெளியிலிருந்து இன்னொரு அதிகாரம் அந்த வாசலுக்கு வர வேண்டியிருந்தது. மில்கிராமின் சோதனைகளில் ஒன்றில் இரண்டு கோட்டுக்காரர்களை நிறுத்தி, ஒருவர் தொடரச் சொல்ல, மற்றவர் நிறுத்தச் சொன்னார். 20 பேரில் ஒருவர்கூடக் கடைசி வரை போகவில்லை. இன்னொன்றில், கூட உட்கார்ந்த இரண்டு பேர் பாதியில் முடியாது என்று எழுந்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள், 40இல் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். அதே ஊர், அதே மாதிரி ஆட்கள். குணம் மாறவில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மாறியது. அவ்வளவுதான்.

நர்ஸுகள் விஷயத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1977இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் ஹோஃப்லிங் சோதனையைக் கொஞ்சம் மாற்றி நடத்தினார்கள். நர்ஸுகளுக்கு நன்றாகத் தெரிந்த மருந்தான வேலியத்தை அளவுக்கு மீறிக் கொடுக்கச் சொன்னார்கள். சொன்னவர் அவர்களுக்குத் தெரிந்த டாக்டர். பக்கத்தில் இருக்கிற மற்ற நர்ஸுகளிடம் கலந்து பேசவும் வழி இருந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைப் பற்றிய படிப்பும், 'ஏட்டி, இது சரியா?' என்று கேட்க ஒரு தோழியும் இருந்தால் போதும்.

விமானத்தில் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1977 மார்ச் 27ஆம் தேதி டெனரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டத்தில் ஓடத் தொடங்கிய விமானத்துக்குள் இருந்த இன்ஜினீயர், எதிரே இருக்கிற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். மிக மூத்த விமானி ஆமாம் என்று சொல்லி அப்படியே போனார். இன்ஜினீயர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதையும் அதுபோன்ற விபத்துகளையும் பார்த்த பிறகுதான், இளையவர் எப்படித் திருப்பிக் கேட்பது, மூத்தவர் எப்படிக் காது கொடுப்பது என்பதையே பாடமாக வைத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் அப்படி வந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. கத்தி வைக்கும் முன் தியேட்டரில் இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஒரு தரம் வாய் திறந்தவருக்கு அடுத்த தரம் வாய் திறப்பது சுலபம் என்பது எங்களுக்குத் தெரியும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பிறகான சாவு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்த முடிவு 2009இல் வெளிவந்தது.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் போனுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டைக் கட்டி வைத்தோம். போனில் வரும் மருந்து உத்தரவை முதலில் அதில் எழுத வேண்டும். எழுதியதை டாக்டருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகே மருந்து. காலை ரவுண்ட்ஸில் அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு 'கேட்டது' என்று தலைப்பு. நர்ஸுக்கு என்ன சந்தேகம் வந்ததோ அதை அங்கே எழுதலாம். முதலில் சில டாக்டர்கள் கோபப்பட்டார்கள். எங்களை நம்பவில்லையா என்றார்கள். ஆனால் நிர்வாகம் உறுதியாக நின்றது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்று போனில் ஒன்றுபோலக் கேட்கிற எண்கள், புள்ளி 5 என்பது வெறும் 5 ஆகிப் போனது, பக்கத்துப் படுக்கை நோயாளியின் பெயர் மாறி வந்தது என்று அந்தக் கட்டம் நிறைய ஆரம்பித்ததும் கோபம் அடங்கியது. பிறகு ஒரு மூத்த சர்ஜனே தன் உத்தரவைச் சொல்லிவிட்டு, 'வாசிம்மா' என்று காத்திருக்கப் பழகினார். கேட்கத் தெரியாத பெண்கள் என்று நாங்கள் நினைத்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

தென்காசிப் பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, பிள்ளை ரோட்டில் ஓடும்போது 'நில்' என்றால் நிற்க வேண்டும். அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நின்ற பிறகு 'ஏன்?' என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லி வளர்த்த பிள்ளைதான் நாளைக்கு ஒரு தப்பான உத்தரவு வரும்போது ஆம்பூலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அடி நின்றால் அடக்கம் போய்விடும் என்று சொல்கிற ஆசிரியர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். அடியால் வருகிற அடக்கம் யார் கையில் கம்பு இருக்கிறதோ அவருக்குத்தான் அடங்கும்.

கட்டுரையாளரிடமும் உங்களிடமும் கேட்பது ஒன்று. அத்துமீறல் நடந்தால் யார் உத்தரவிட்டார், யார் கைதானார் என்று எழுதுகிறீர்கள். நல்ல காரியம். கூடவே, அந்த இடத்தில் யாராவது தடுத்துக் கேட்டார்களா, கேட்டவருக்குப் பிறகு என்ன ஆனது, இடமாற்றமா, மெமோவா, சம்பள வெட்டா என்பதையும் உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும். களக்காட்டுப் பெண்ணை ஓ.பி. சீட்டு எழுதப் போட்டது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வந்திருந்தால் அந்த நிர்வாகம் யோசித்திருக்கும்.

ஜில்லாவில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகள், நர்ஸிங் ஹோம்கள் அந்தப் போன் நோட்டைத் தொடங்க விரும்பினால், கட்டங்கள் போட்ட மாதிரித் தாள் என்னிடம் இருக்கிறது. உங்கள் அலுவலகம் மூலம் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட் பெண்களுக்கு நேரில் வந்து சொல்லிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். டாக்டர்களும் கூட உட்கார வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
பாளையங்கோட்டை.